இற்றையர் என்பார் யாவர்?

நம் ஊர்ப்புறத்து நெடுஞ்சாலை வழியே ஒரு கல் தொலைவு நடந்து பாருங்கள். ‘நவீன அரிசி ஆலை’ என்றொரு பலகை. அதற்கப்பால் ‘நவீன கட்டணக் கழிப்பிடம்’. ஊர் முடியுமிடத்தில், சுடுகாட்டு வாயிலில், ‘நவீன எரிவாயுத் தகன மேடை’. சோற்றுக்கு அரிசி தீட்டுமிடம் தொடங்கி உடல் நீறாகுமிடம் வரை ஒரே சொல் நம்மைத் தொடர்ந்து வருகின்றது. ஆயினும் இப்பலகைகளைப் பார்த்து எவரும் மயங்குவதில்லை. பழைய பொறியினும் மேம்பட்ட பொறி உள்ளே உண்டு என்பதே அவற்றின் பொருள். ஆலைக்கு நாற்பது அகவை ஆகியும் பலகை மாறாதிருத்தல் வேறு செய்தி.

அதே சொல்லின் ஈற்றில் ‘துவம்’ என்றும் ‘வாதி’ என்றும் இரண்டு வால்களை ஒட்டி இலக்கிய மேடைக்கு ஏற்றும்போதுதான் மயக்கம் தொடங்குகின்றது. அண்மையில் ஒரு கருத்தரங்கிற்குச் சென்றிருந்தோம். பேசிய நண்பர் தம்மை ‘நவீனத்துவவாதி’ என்று மூன்று முறை சொல்லிக்கொண்டார். நம்மனோரைப் ‘பழமைவாதிகள்’ என்று அதனினும் மிகுதியான முறை சொன்னார். தம் கூற்றுக்குத் துணையாக அவர் காட்டிய எழுத்தாளர் அனைவரும் 1910-க்கும் 1930-க்கும் இடையில் ஐரோப்பாவில் எழுதியவர்கள். எம் அருகில் அமர்ந்திருந்த ஓர் இளைஞர் மெல்லக் குனிந்து, “ஐயா, நூறாண்டுக்கு முன் எழுதியவர் எப்படி நவீனர் ஆவார்?” என்று கேட்டார். கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் என் பழைய மாணவர். பதினைந்து ஆண்டுகட்கு முன், பதினோராம் வகுப்பில் படித்த காலத்தில், கோடிட்ட குறிப்பேடு ஒன்றில் தாம் எழுதிய பாக்களை என்னிடம் தந்தார். தம் தந்தையார் விசைத்தறிக் கூடத்தில் இரவுமுறையில் ஓட்டிய தறிகளைப் பற்றியவை அவை. யாப்பு இல்லை, எதுகை மோனை இல்லை. ஆனால் அயற்சொல் ஒன்றுகூட இல்லை. அதை அன்று யான் காணத் தவறினேன். சிவப்பு மையால், ‘நவீனம்! முதலில் யாப்புக் கற்க’ என்று எழுதித் திருப்பித் தந்தேன். தூய தமிழ் பேசுக, தூய தமிழ் எழுதுக என்று நாள்தோறும் அறிவுறுத்திய ஆசிரியன், தன் மாணவனை இகழ வடசொல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன்! தமிழில் வசைச்சொல்லுக்கா பஞ்சம்? அச்சொல்லில் இருந்த நஞ்சு வேறெதிலும் இல்லை என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும். அதன்பின் அக்குறிப்பேடு என் மேசைக்கு வரவே இல்லை.

கருத்தரங்கு முடிந்து வெளியே வந்தபோது அவரே கேட்டார்: “அன்று என் ஏட்டில் எழுதினீர்களே, அதே சொல்தானா ஐயா இது?” பொருள் தெரியாமலேயே ‘ஆம்’ என்றேன். மேடையில் நின்றவர்க்கு மணிமுடி. என் மாணவர்க்குச் சூட்டுக்கோல். ஒரே சொல் இவ்விரு வேலையும் செய்யுமாயின் அச்சொல்லை அறுத்துப் பார்ப்பது தமிழாசிரியன் கடன். பதினைந்து ஆண்டு காலந்தாழ்ந்து அக்கடனைச் செய்கின்றேன்.

வேரிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலர் ‘மாடர்னிசுட்டு’ என்கின்றனர். அதன் அடி ‘மாடர்ன்’. அதற்கும் அடி இலத்தீன் மொழியில் ‘மோதோ’ என்னும் சிறு சொல். ‘இப்பொழுதுதான்’ என்பது அதன் பொருள். இலத்தீனில் ‘ஓதியே’ என்றால் இன்று. அதனடியாக ‘ஓதியெர்னுசு’ என்றால் இன்றைக்குரியது. அந்த அச்சைப் பார்த்து ‘மோதோ’விலிருந்து ‘மொதெர்னுசு’ என்று வார்த்தனர். கெலாசியசு என்னும் பாப்பரசர் 494, 495 ஆகிய ஆண்டுகளில் எழுதிய மடல்களில் அச்சொல் காணப்படுகின்றது. அடுத்த நூற்றாண்டில் கசியோதோரசு என்னும் அரசியலறிஞர், பழைய உரோமரினின்று தம் காலத்தாரைப் பிரித்துக் காட்ட அதனைப் பலகாலும் ஆண்டார். எனவே, நேற்றுப் பிறந்தது போல் நம்மிடம் விலைகூறப்படும் இச்சொல்லுக்கு அகவை ஆயிரத்தைந்நூறைக் கடந்துவிட்டது.

இனி ‘நவீன’ என்னும் வடசொல்லைப் பாருங்கள். அதன் அடியாகிய ‘நவ’ என்பது இலத்தீன் ‘நோவுசு’, ஆங்கில ‘நியூ’ ஆகியவற்றுக்கு உறவு. மூன்றுக்கும் பொருள் ‘புதியது’. அவ்வாறாயின் ‘மாடர்ன்’ என்பதை ‘நவீனம்’ என்று பெயர்த்தவர், வேர் வகையால், ‘மொதெர்னுசு’வைப் பெயர்க்காமல் ‘நோவுசு’வைப் பெயர்த்துவிட்டார். இது சிறு பிழையன்று. புதியது வேறு, இப்பொழுதைக்குரியது வேறு. நூறாண்டுப் புளியமரம் இவ்வாண்டும் காய்க்கின்றது. அது புதியதன்று, ஆயினும் அதன் காய் இற்றைக்காலத்துக் காய். புதுமை பொருளின்மேல் நிற்கும் பண்பு. ‘மோதோ’ அத்தகையதன்று, அது காலத்தை நோக்கி நீட்டிய விரல். ‘இங்கு’, ‘இவன்’, ‘இன்று’ என்பன போன்ற சுட்டு அது. சுட்டுச்சொல்லின் பொருள் சொல்பவன் நிற்குமிடத்தைப் பொறுத்தது. ‘இங்கே கிணறு உள்ளது’ என்று எழுதிய தாளைக் காற்று வேற்றூருக்குக் கொண்டுபோய்ப் போட்டால், அத்தாளை நம்பித் தோண்டுபவன் என்னாவான்? ஐரோப்பியன் ‘இப்பொழுது’ என்று எழுதிய தாள்தான் நம் ஊருக்குப் பறந்து வந்தது. அதன் நாளையும் இடத்தையும் பாராமல் நாம் தோண்டிக்கொண்டிருக்கின்றோம்.

அந்நாட்டு வரலாறே இதற்குச் சான்று. பதினான்காம் நூற்றாண்டில் ஒக்காம் ஊர் வில்லியம் என்னும் மெய்யியலறிஞர் வழி நின்றவர்களைப் பல்கலைக்கழகத்தார் ‘இற்றை வழியினர்’ என்றனர். அவர்க்கு எதிர்நின்றோர் ‘பண்டை வழியினர்’. அந்த இற்றை வழிக்கு இப்பொழுது ஏறத்தாழ எழுநூறு அகவை. பின்னர், 1687-இல் பிரான்சு நாட்டுக் கழகத்தில் சார்லசு பெரோ என்பார் ஒரு நெடும்பாட்டைப் படித்து, தம் மன்னன் காலத்துப் புலவர் கிரேக்க உரோமப் புலவரினும் தாழ்ந்தவரல்லர் என்று முழங்கினார். அதனால் மூண்ட சண்டைக்குப் ‘பண்டையர், இற்றையர் பூசல்’ என்று பெயர். அப்பூசல் கடல் தாண்டி இங்கிலாந்துக்கும் பரவ, 1704-இல் சுவிப்டு என்னும் எள்ளல் எழுத்தாளர், ஒரு நூலகத்தின் நூல்களே அணிவகுத்துப் போரிடுவதாக ஒரு கதை எழுதினார். அதில் இற்றையர்க்குச் சிலந்தியையும் பண்டையர்க்குத் தேனீயையும் உவமையாக்கினார்: சிலந்தி தன் வயிற்றிலிருந்தே நூலை இழுத்து வலை கட்டும்; தேனீயோ பல மலர்க்கும் சென்று தேனும் மெழுகும் கொண்டு வரும். நல்ல அடிதான். ஆனால் இற்றையர் தலைவராகிய பெரோவை உலகம் இன்று எதற்காக நினைவில் வைத்துள்ளது தெரியுமா? 1697-இல் அவர் தொகுத்து வெளியிட்ட பாட்டிக்கதைகளுக்காக! சாம்பற்சிறுமி சிண்டரெல்லாவின் கதை அவர் எழுதியது. புதுமைக்குப் படை திரட்டியவர் பழங்கதையால் வாழ்கின்றார்.

இவையெல்லாம் புலவர் பூசல். எவர்க்கும் இதனால் உயிர்க்கேடில்லை. ‘மாடர்னிசுட்டு’ என்னும் சொல் மாந்தரைச் சுட்டது கத்தோலிக்கத் திருச்சபையில். அவ்வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் குருமாருள் சிலர், பிற பழைய நூல்களை ஆராய்வது போலவே விவிலியத்தையும் வரலாற்று முறையில் ஆராயலாயினர். எந்தப் பகுதி எக்காலத்தில் எழுதப்பட்டது, யார் எழுதியது என்று கேட்டனர். நாம் தொல்காப்பியத்திலும் திருக்குறளிலும் செய்யும் வேலைதான் இது. பிரான்சு நாட்டு ஆல்பிரட் லுவாசி, அயர்லாந்தில் பிறந்த சியார்சு தைரல் ஆகியோர் அவருள் பெயர் பெற்றவர். அவர்கள் ஒரு கட்சியாகக் கூடியவரல்லர்; ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்ததும் உண்டு.

1907 செப்டம்பர் 8-இல் பத்தாம் பயசு என்னும் பாப்பரசர் ஒரு பொதுமடல் விடுத்தார். சிதறிக் கிடந்த கருத்துகளை எல்லாம் ஒரே கொள்கையாகக் கோத்து, அக்கொள்கைக்கும் அதனை உடையார்க்கும் பெயர் சூட்டி, சமயத் திரிபுகள் அனைத்தும் அதில் ஒருங்கு திரண்டுள்ளன என்று அம்மடல் சாற்றியது. சூட்டிய பெயர்தான் ‘மாடர்னிசுட்டு’. அப்படியொரு கூட்டம் தன்னைத் தானே அமைத்துக்கொண்டதன்று. பெயர் வந்தபின்னரே கூட்டம் உண்டாயிற்று. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டது. 1908 மார்ச்சில் லுவாசி திருச்சபையினின்று விலக்கப்பட்டார். தைரல் 1909 சூலையில் இறந்தபோது அவருக்குக் கத்தோலிக்க அடக்கம் மறுக்கப்பட்டது. சசெக்சில் சுட்டாரிங்டன் என்னும் சிற்றூரில், ஆங்கிலத் திருச்சபைக் கல்லறையில் புதைத்தனர். குழியருகே நின்று வேண்டுதல் சொன்ன நண்பர் பிரெமோன் என்னும் குருவானவரும் அதற்காகவே பணி நிறுத்தம் செய்யப்பட்டார். 1910 செப்டம்பர் முதல் நாளன்று, மாடர்னிசக் கொள்கையை மறுத்துக் குருமாரும் சமயக் கல்லூரி ஆசிரியரும் சூள் உரைக்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. அது 1967 வரை நடப்பிலிருந்தது. அறுபதாண்டுக்குச் சற்றே குறைந்த காலம்! உலகுக்கெல்லாம் பொதுவான ஆணையாகலின் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் குருப்பட்டம் பெற்றவர்களும் அச்சூளை உரைத்தவர்களே.

இதனைச் சமயத்தைக் குறைகூற எழுதினோமில்லை. எல்லாச் சமயத்திலும், சமயமில்லாக் கட்சியிலும் இது நிகழும். ஒருவன் சொன்னது மெய்யா பொய்யா என்று ஆராய்வது கடினம். அவனுக்குப் பெயர் வைத்துவிடுவது எளிது. பெயர் வைத்தபின் ஆராயத் தேவையில்லை. யான் சிவப்பு மையால் செய்ததும் அதுவே. என் கையில் கண்காணிப்புக் குழு இல்லை, அவ்வளவே வேறுபாடு.

இனிக் கலைத்துறைக்கு வருவோம். நடு அமெரிக்காவில் நிக்கராகுவா என்னும் சிறு நாட்டில் பிறந்த உரூபன் தாரியோ என்னும் பாவலர் 1888-இல் ‘நீலம்’ என்னும் பொருளுடைய பெயரால் ஒரு நூல் வெளியிட்டார். அவரும் அவர் வழியினரும் தொடங்கியதற்கு இசுபானிய மொழியில் ‘மொதர்னிசுமோ’ என்று பெயர். அன்னமும் அரண்மனையும் இசையும் மின்னும் சொல்லழகும் மிகுந்த பாக்கள் அவருடையவை. அதே காலத்தில் பார்சிலோனா நகரில் ‘மொதர்னிசுமே’ என்றால் வளைவும் கொடியும் பூவும் நிறைந்த கட்டடக்கலை. பிரேசிலில் 1922-இல் சாவோ பாவுலோ நகரில் ஒரு கலை விழாவோடு எழுந்த ‘மொதர்னிசுமோ’வோ அத்தகைய அணிகலன்களை எல்லாம் உடைத்தெறிந்தது. ஆங்கிலத்தில் ‘மாடர்னிசுட்டு’ பாவலர் என்றால் சொற்சுருக்கமும் வறண்ட கூர்மையும் உடையவர். ஆக, ஒரே சொல் அண்டை அண்டை மொழிகளில் பட்டாடையையும் குறிக்கின்றது, பட்டாடையைக் கிழித்தலையும் குறிக்கின்றது. நம் மேடை நண்பர் எந்நாட்டு நவீனத்துவவாதி? அவரைக் கேட்டால் அவர்க்கும் தெரியாது.

ஒன்று மட்டும் தெரியும் என்பார்: பழமையை உதறுவதே நவீனத்துவம். அதுவும் பிழை. ஆங்கில மாடர்னிசுட்டுகளின் தலைமகன் எசுரா பவுண்டு 1915-இல் வெளியிட்ட நூல், சீனத்தின் பழம்பாட்டுகளை, எட்டாம் நூற்றாண்டு இலீபோவின் பாக்களை, ஆங்கிலப்படுத்தியது. புதிதாக்குக என்ற பொருளில் அவர் 1934-இல் ஒரு நூலுக்கிட்ட பெயர், சீனத்துப் பழ மன்னன் ஒருவன் தன் நீராடுதொட்டியில் பொறித்து வைத்ததாகச் சீன நூல் சொல்லும் மொழியிலிருந்து எடுத்தது. சேம்சு சாய்சு 1922-இல் வெளியிட்ட புதினத்துக்கு எலும்புக்கூடு தந்தது கிரேக்க ஓமரின் காப்பியம். அதே ஆண்டு எலியட்டு வெளியிட்ட பாழ்நிலம் பற்றிய பாட்டு வடமொழி மறைச்சொல்லில் முடிகின்றது. இவர்களெல்லாம் தம் மொழியின் வேரையும் பிறமொழியின் வேரையும் தோண்டியவர்கள். சுவிப்டு சொன்ன தேனீக்கள் இவர்களே.

நவீனத்துவம் என்றால் முற்போக்கு என்று எண்ணுவோர்க்கும் ஒன்று சொல்லுதல் வேண்டும். அதே பவுண்டு இரண்டாம் உலகப்போரின்போது முசோலினியின் உரோம் வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். 1945-இல் தளையிடப்பட்டு, 1958 வரை வாசிங்டனில் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தார். பழங்காட்சியகங்களை இடித்துத் தள்ளுக என்று 1909-இல் அறிக்கை விடுத்த மரினெத்தியும் அப்பாசிசக் கூட்டத்தில் சேர்ந்தவரே. பாட்டு வடிவில் இற்றையராக இருந்துகொண்டு அரசியலில் கொடுங்கோலுக்குக் கவரி வீசவும் ஒல்லும்.

‘பின்நவீனத்துவம்’ என்றொன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் செயிண்டு லூயி நகரில் வானளாவ எழுப்பிய ஒரு குடியிருப்புத் தொகுதியைத் தகர்த்ததைக் காட்டி, 1972 சூலை 15-இல் இற்றையியக் கட்டடக்கலை செத்தது என்று சார்லசு செங்க்சு என்பார் 1977-இல் எழுதினார். நாள் குறித்துச் சாவு எழுதிய பின்னும் அதற்கு வேறு பெயர் கிடைக்கவில்லை. ‘இன்றைக்குப் பிந்தியது’ என்றே அழைத்தனர். இன்றைக்குப் பிந்தியதை நம் ஊரில் நாளை என்போம்.

நம் வீட்டுக்கு வருவோம். புதியதைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? தொல்காப்பியர் செய்யுளியலில் எட்டு வனப்புகளை எண்ணுகின்றார். அவற்றுள் ஒன்று தொன்மை. இன்னொன்று விருந்து. பழம்பொருள் பற்றி வருவது தொன்மை. புதிதாக யாக்கப்படுவது விருந்து. இரண்டும் ஒரே வரிசையில், ஒன்றையொன்று வெட்டாமல், வனப்பு என்னும் ஒரே பெயரின்கீழ் நிற்கின்றன. விருந்து என்னும் சொல்லுக்கே புதுமை என்பது பொருள்; அதனாற்றான் வீட்டுக்குப் புதிதாய் வந்தவன் விருந்தானான். புதியவனைக் கண்டதும் இலை போட்ட மொழி இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார், காலம் மாறுங்கால் பழையன நீங்கிப் புதியன வருதல் குற்றமன்று என்று இலக்கணத்திலேயே இடம் வைத்தார். அதற்கடுத்த நூற்றாண்டில் உமாபதி சிவனார் தம் நூலின் அவையடக்கத்தில், பழமை ஒன்றே நன்மைக்குச் சான்றாகாது, இன்று தோன்றியது என்பதே தீமைக்கும் சான்றாகாது என்ற கருத்தை வைத்தார். இவற்றையெல்லாம் வகுப்பில் நடத்திவிட்டு, வாயிலில் வந்த விருந்தைச் சிவப்பு மையால் வரவேற்றவன் யான்.

நம் பக்கத்துப் பிழையை மறைத்துப் பயனில்லை. 1959-இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கி யாப்பில்லாப் பாக்களுக்கு இடந்தந்தபோதும், 1970-களில் கோவையிலிருந்து ‘வானம்பாடி’யினர் எழுந்தபோதும், புலவருலகில் பெரும்பாலோர் செய்தது ஆராய்ச்சியன்று, ஏளனம். அவர்களோ தம் படைப்புக்குப் ‘புதுக்கவிதை’ என்று, முற்பாதியேனும் தமிழாக, பெயர் வைத்திருந்தனர். நாம் அதனை ‘புதுப்பா’ என்று முழுமையாக்கி ஏற்றிருக்கலாம். ஏற்கவில்லை. பின்வந்தவர் ‘புது’வையும் விட்டு ‘நவீன கவிதை’ என்றனர். கதவைச் சாத்தியவர்க்கு, வெளியே நிற்பவன் எம்மொழியில் தன்னை அழைத்துக்கொள்கின்றான் என்று குறைகூறும் உரிமை குறைவுதான்.

ஆயினும் நம்மைப் பழமைவாதிகள் என்பதும் வரலாறு அறியாப் பேச்சு. மறைமலையடிகளார் தனித்தமிழ் நெறியைத் தொடங்கியது 1916. சேம்சு சாய்சின் முதற்புதினம் நூலாக வெளிவந்ததும், சூரிக்கு நகரில் ‘தாதா’ என்னும் கலைக் கலகம் மூண்டதும் அதே 1916. ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிவிட்டுச் சொல்லின் மரத்தைப் பார்க்க வேண்டும் என்னும் வேட்கை ஒரே காலத்தில் பல நாட்டிலும் எழுந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததன்று, காலம் ஒன்று. அபேட்சகரை வேட்பாளராகவும், அக்கிராசனரைத் தலைவராகவும், மந்திரியை அமைச்சராகவும் மாற்றியது பழமைக்குத் திரும்புதலா? அந்நாளில் அவை வாயில் நுழையாப் புதுச்சொற்கள் என்று எள்ளப்பட்டன. இன்று அவற்றை எள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் அச்சொற்களாலேயே வாக்குக் கேட்கின்றனர். 1967-இல் அ. கி. இராமானுசன் குறுந்தொகைப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டபோது, அவற்றின் சொற்செட்டிலும் உள்ளுறையிலும் தம் காலத்துப் பாட்டின் முகத்தையே மேனாட்டார் கண்டனர். பண்டைத் தமிழ்ப்பாட்டு இருபதாம் நூற்றாண்டினர்க்கு அயலாகத் தோன்றவில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘நவீன’ என்னும் ஒரே சாக்கில் நாம் நான்கு பொருள்களைப் போட்டுக் கட்டியுள்ளோம். ஒரு காலத்தில் ‘நாவல்’ என்பதையும் நவீனம், நவீனகம் என்றெழுதியதால் ஐந்தாகவே இருந்தது. புதினம் என்னும் சொல் வந்து அதனை மீட்டது. எஞ்சியவற்றைப் பிரிப்போம். வெறும் புதியதற்குப் ‘புது’ என்பதே போதும். புது அரிசி ஆலை என்று எழுதினால் அரிசி வேகாமல் போகாது. இந்நாளில் உள்ளதற்கு ‘இக்கால’ என்க. பல்கலைக்கழகங்களில் ‘இக்கால இலக்கியம்’ என்று ஏற்கெனவே வழங்குகின்றது. நிகழ்காலத் தன்மை பற்றிய பொதுக்கருத்துக்கு ‘இற்றைமை’. ஐரோப்பாவில் ஏறத்தாழ 1890 முதல் 1940 வரை கலையிலும் சமயத்திலும் எழுந்த இயக்கங்களுக்கு மட்டும் ‘இற்றையியம்’. அவற்றைச் சார்ந்தோர் ‘இற்றையியர்’, எளிமை கருதி ‘இற்றையர்’. அது முடிந்துபோன ஒரு காலப்பகுதியின் பெயர் என்பதை மறவாமல் வழங்குதல் வேண்டும். இன்று எழுதும் ஒருவரை அப்பெயரால் அழைப்பதாயின், எந்நாட்டு, எவ்வாண்டு இற்றையியம் என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். ‘புதுமை’யை அடியாகக் கொண்டு சொல்லாக்குவோரும் உளர். அவர்மேல் எமக்குச் சினமில்லை; ஆனால் அது ‘நோவுசு’வின் பிழையைத் தமிழில் மறுபடியும் செய்வதாகும்.

‘இற்றை’ எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். யாம் ஆக்கியதன்று. இன்று என்னும் மென்றொடர்க் குற்றியலுகரம் வன்றொடராகி ஐகாரம் பெற்று இற்றை ஆகும். அன்று அற்றையாவதும் அவ்வாறே. ‘ஓதியே’ ‘ஓதியெர்னுசு’ ஆகியது போலவே இன்று இற்றையாயிற்று. இலத்தீனுக்குத் தமிழ் எத்துணை நேராக நிற்கின்றது, பாருங்கள்! பறம்பையும் தந்தையையும் இழந்த பாரிமகளிர் பாட்டில் அற்றை ஒருபுறமும் இற்றை ஒருபுறமுமாக நிற்கின்றன. இடையில் ஒரே ஒரு திங்கள். ஒரு குடியின் வாழ்வும் வீழ்வும் அவ்விரு சுட்டுக்குள் அடங்கிவிட்டன. காலத்தைச் சுட்டும் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டென்பதைப் புறநானூற்றின் அந்த 112-ஆம் பாட்டினும் நன்றாக எவரும் காட்டியதில்லை. இந்நாளில் கணினித்தமிழ் ஆர்வலர் ‘அப்டேட்’ என்பதற்கு ‘இற்றைப்படுத்தல்’ என்று ஆண்டு வருகின்றனர். ஆகலின் சொல் செத்ததுமன்று.

இவ்விதழில் இனி ‘நவீன’ என்னும் சொல் புகழாகவும் வாராது, வசையாகவும் வாராது. மேற்கோளாக வந்தால் மேற்கோட் குறிக்குள் வரும். இன்னொன்றையும் ஆசிரியக்குழு கூடி முடிவு செய்துள்ளோம்: யாப்பில்லாப் பாக்களும், தூய தமிழில் அமைந்து பொருள் சிறந்தனவாயின், அடுத்த இதழ் முதல் வெளியிடப்பெறும். குழுவில் ஒருவர் உடன்படவில்லை. அவர் மறுப்பும் அடுத்த இதழில் வரும்.

என் மாணவர்க்கு மடல் எழுதினேன். அக்குறிப்பேடு இன்னும் இருக்குமாயின் அனுப்புக, ஒரு சொல்லும் திருத்தாமல் அச்சிடுவோம் என்று. தொலைப்பேசியில் அழைத்தார். அம்மா பழைய தாள்களோடு சேர்த்துப் பரணில் போட்டிருக்கக்கூடும், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தேடிப் பார்க்கிறேன் என்றார். தறிப்பாட்டு ஒன்றின் தொடக்கம் மட்டும் நினைவிருக்கிறது என்று சொல்லத் தொடங்கியவர், சற்று நேரம் பேசாதிருந்து, “ஏட்டைப் பார்த்தே சொல்கிறேன் ஐயா” என்று நிறுத்திக்கொண்டார்.